எத்தனை டன் கூடுதலாகப் போடுவது? விமான வானிலைச் சேவைக்கு ஒரு டிஸ்பாட்சரின் மதிப்பெண்

விமானப் பயணம் பற்றி இணையத்தில் வரும் மதிப்புரைகளில் சீட்டின் அகலம் இருக்கும், இட்லி ஆறிப்போயிருந்தது இருக்கும், பெட்டி வந்து சேரத் தாமதமானது இருக்கும். அந்த விமானம் எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு கிளம்ப வேண்டும் என்பதை நிர்ணயிக்கிற ஒரு சேவைக்கு மட்டும் யாரும் நட்சத்திரம் போட்டு நான் பார்த்ததில்லை. சர்வதேச விமானங்களுக்கான வானிலைச் சேவையைத்தான் சொல்கிறேன். அதன் அன்றாட வாடிக்கையாளன் என்ற முறையில் நானே போட்டுவிடுகிறேன்.

சென்னையில் ஒரு விமான நிறுவனத்தில் நான் டிஸ்பாட்சர். பைலட் மேலே ஓட்டுகிறார். அவர் ஓட்ட வேண்டிய பாதை, உயரம், எரிபொருள், இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று ஊர் எல்லாவற்றையும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா ஊர்கள், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். இந்த வேலையில் "இன்று மழை வருமா" என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. "இந்த மழைக்காக எத்தனை டன் கூடுதலாக ஏற்றுவது" என்பதுதான் கேள்வி.

ஒரு டன் கூடுதலாகப் போட்டால், அந்த எடையைச் சுமப்பதற்கே மணிக்கு முப்பது நாற்பது கிலோ எரிகிறது. சிங்கப்பூர் போய்ச் சேரும் நாலு மணி நேரத்தில் நூறு கிலோவுக்கு மேல் காற்றில் போய்விடும். குறைவாகப் போட்டால் இறங்கும் ஊருக்கு மேலே வட்டமடித்துக் காத்திருக்க முடியாது, பக்கத்து ஊருக்கு ஓட வேண்டும். ஆகவே என் மதிப்பெண்ணும் இதை வைத்துத்தான். சொன்னது பலித்ததா என்று பார்ப்பதைவிட, சரியான அளவு எரிபொருள் போட உதவியதா என்று பார்க்கிறேன்.

முதலில் மேல்காற்று. ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல். உலகம் முழுவதற்குமான மேல்மட்டக் காற்று, வெப்பநிலை, கொந்தளிப்பு, பனி உறைவு, இடிமேகங்களின் உயரம் ஆகியவற்றின் முன்கணிப்பைக் கொடுப்பது இரண்டே மையங்கள். பெயரளவில் லண்டன், வாஷிங்டன். லண்டன் மையம் உண்மையில் எக்ஸிட்டர் நகரில், பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மையம் இருப்பது கான்சாஸ் சிட்டியில். ஒன்று முடங்கினால் மற்றது உலகம் முழுவதையும் பார்த்துக்கொள்ளும். ஐகாவோ என்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு செய்த ஏற்பாடு இது. ஒரு நாளைக்கு நாலு முறை புதுக் கணக்கு வரும்; எங்கள் திட்டமிடும் மென்பொருள் தானாக உறிஞ்சிக்கொள்ளும். மேல்காற்றின் வேகம் பத்தில் ஒன்பது முறையாவது 10 நாட் (மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர்) வித்தியாசத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பது ஐகாவோவின் எதிர்பார்ப்பு. எனக்குத் தெரிந்து குறை சொல்ல இடமில்லை. போட்ட திட்டத்துக்கும் விமானம் போய் இறங்கிய நேரத்துக்கும் ஓரிரு நிமிடம்தான் வித்தியாசம் வரும். அதுவும் பெரும்பாலும் ஓடுபாதைக்கு வரிசையில் நின்றதால் வருவது.

இதன் அருமை பருவம் மாறும்போதுதான் தெரியும். ஜூலை மாதம் நம் தலைக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. 1950களில் அதை உலகுக்கு அடையாளம் காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் விஞ்ஞானி பி. கோடீஸ்வரம். அந்தக் காற்றின் உச்ச வேகம் நம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. ஆனால் அதன் அடிவிளிம்பே வளைகுடாவுக்குப் போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடப் போதும். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே நிற்கும். ஜனவரியில் கதை தலைகீழ்: வடக்கே மேலைக் காற்றோட்டம் இறங்கி வந்து, துபாயிலிருந்து வருகிறவர்களை சீக்கிரமே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். டிக்கெட்டில் போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் வேறுவேறு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்று. இந்த முன்கணிப்பைச் செய்ய உதவுவதும் விமானங்களே. பறக்கும்போதே வெளிவெப்பநிலையையும் காற்றையும் அளந்து கீழே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. 2020ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது இந்தத் தரவு சடாரென்று வற்றிப்போய், வானிலை மையங்கள் கவலைப்பட்டன. வாடிக்கையாளரே பாதிச் சமையல் செய்கிற ஓட்டல் இது என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம்.

அடுத்தது டாஃப். விமான நிலையத்துக்கான முன்கணிப்பு. என் சண்டையெல்லாம் இதோடுதான்.

பெரிய நிலையங்களுக்கு 30 மணி நேரம் வரைக்கும் டாஃப் வரும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அக்டோபர் மாலையில் ஒரு கடலோர நிலையத்தின் டாஃப் ஏறக்குறைய இப்படி இருக்கும்: வடகிழக்கிலிருந்து 8 நாட் காற்று, பார்வை தூரம் 6 கிலோமீட்டர், 2000 அடியில் சிதறிய மேகம். அப்புறம் ஒரு வரி: டெம்போ, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, பார்வை 2000 மீட்டர், இடியுடன் மழை, சிபி (CB) மேகம், அதாவது இடிமேகம். இந்த டெம்போவில்தான் எல்லாம் இருக்கிறது. நிலைமை அவ்வப்போது கெடும், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகும், மொத்தமாகப் பார்த்தால் சொன்ன நேரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கெட்டிருக்கும் என்று விதி சொல்கிறது. விமானம் இறங்கும் நேரத்தில் டெம்போ இடி இருந்தால், காத்திருந்து இறங்க எரிபொருள் போட வேண்டும். ஏ320 ரக விமானம் அரை மணி நேரம் வட்டமடிக்க ஒரு டன்னுக்கு மேல் வேண்டும்.

சரி, இடி வருகிற நாளில் போட்டால் நியாயம். சில நிலையங்கள் (பெயர் வேண்டாம்) பருவம் தொடங்கியதும் டெம்போ இடியை ஒட்டவைத்துவிட்டு, பருவம் முடியும்வரை எடுப்பதே இல்லை. அந்த ஊருக்குப் போகும் கேப்டனோடு எனக்கு நடக்கும் உரையாடல் எப்போதும் ஒரே மாதிரி.

"டெம்போ போட்டிருக்கானே, என்ன பண்ணலாம்?"

"நேத்தும் போட்டிருந்தாங்க சார். ஒரு சொட்டு விழல."

"நேத்து விழலன்னா இன்னைக்கும் விழாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கா தம்பி? ஒரு டன் கூடப் போடுங்க."

அவர் சொல்வது சரி. நான் சொல்வதும் சரி. எங்கள் இருவரையும் இந்த நிலைக்குத் தள்ளிய டாஃப்தான் சரியில்லை. கணிப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரிகிறது. இடி வரும் என்று எழுதி வராவிட்டால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. எழுதாமல் வந்துவிட்டால் விசாரணை. வீணான டன்னுக்கு பில் கட்டுவது வேறொருவர். அதனால் கை தானாக டெம்போ பக்கம் போகிறது. புலி வருது கதைதான், ஆனால் இங்கே ஒவ்வொரு கூவலுக்கும் நாங்கள் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் விதிப்புத்தகத்திலேயே இதைவிட நேர்மையான வழி இருக்கிறது. ப்ராப் என்று ஒரு சொல் உண்டு, நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்வது. அதற்குப் பின்னால் 30 அல்லது 40 மட்டுமே போடலாம். முப்பது சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு என்றால் குறிப்பிடத் தேவையில்லை. ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் அதை வாய்ப்பு என்று சொல்லாமல், நடக்கும் என்றே எழுதிவிட வேண்டும். ப்ராப் 30 என்று பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரியும், எவ்வளவு போடலாம் என்று மனசாட்சியோடு பேசலாம். இதைப் பழக்கமாகப் பயன்படுத்தும் நிலையங்களின் டாஃபைப் படிப்பது ஒரு சுகம்.

சிங்கப்பூர் டாஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பிரச்சினை வேறு. தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையை ஒட்டி இரவில் ஒரு இடிமேக வரிசை உருவாகி, விடியற்காலை கிழக்கே நகர்ந்து தீவை அடிக்கும். சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். நம்மூரிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் போய் இறங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் கடந்துவிடும், ஆனால் அந்த நேரத்தில் இறங்க முடியாது. நாங்கள் திட்டம் போடும்போது அந்த மேக வரிசை பிறந்தே இருக்காது. இதற்கு டாஃபைத் திட்ட முடியாது. உலகத்தில் யாராலும் ஆறு மணி நேரம் முன்னால் இதை நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. இங்கே கை கொடுப்பது, நிலையத்தின் அப்போதைய நிலவரத்தைச் சொல்லும் மெட்டார் அறிக்கையின் வாலில் ஒட்டி வரும் ட்ரெண்ட், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான கணிப்பு. மாற்று ஊர் தேர்வு செய்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜோகூரின் செனாய், எதிர்க்கரையில் பாத்தாம் எல்லாம் கூப்பிடு தூரம், எரிபொருள் மிச்சம். ஆனால் ஸ்குவால் வந்தால் மூன்று ஊரும் ஒரே மேகத்தின் கீழேதான். அந்த மாதங்களில் கோலாலம்பூருக்கே போட்டுவிட்டுப் போவேன். டாஃப் மொத்தத்துக்கு ஐந்துக்கு மூன்று.

மெட்டாருக்கு நாலரை. அரை மணிக்கொரு முறை நிலையத்தின் நிலவரம், தப்பாமல் வரும். கணிப்பு இல்லை, பார்த்ததைச் சொல்வதுதான், அதனால் வம்பில்லை. 2018 போகியன்று காலை சென்னையில் பனியும் டயர் புகையும் சேர்ந்து ஓடுபாதை மறைந்து, விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பியது நினைவிருக்கும். எந்தத் தெருவில் எத்தனை பேர் எதைக் கொளுத்துவார்கள் என்று எந்த சூப்பர் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அந்த மாதிரி விடியற்காலைகளில் டாஃபை மூடிவைத்துவிட்டு மெட்டாரையே பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகு ஒவ்வொரு போகிக்கும் விமான நிலைய வட்டாரத்தில் டயர் எரிக்காதீர்கள் என்று கெஞ்சல் அறிக்கை வருவது வழக்கமாகிவிட்டது.

சிக்மெட் என்பது பாதையில் ஆபத்து இருக்கிறது என்ற எச்சரிக்கை. பலத்த இடிமேகம், கடும் கொந்தளிப்பு, கடும் பனி உறைவு, புயல், எரிமலைச் சாம்பல். வழக்கமாக நாலு மணி நேரம் செல்லும். புயலுக்கும் சாம்பலுக்கும் ஆறு. வான்வெளியை நாடுகள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. இந்தியாவில் மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை என்று நாலு. ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் கண்காணிப்பு அலுவலகம்தான் சிக்மெட் போடும். விளைவு என்ன தெரியுமா? வங்காள விரிகுடாவில் ஒரு பெரிய இடிமேகக் கூட்டம் இருக்கும். ஒரு பகுதியின் எச்சரிக்கை எல்லைக்கோடு வரை வந்து கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் எச்சரிக்கையே இருக்காது, அல்லது வேறு உயரம் போட்டிருப்பார்கள். மேகத்துக்குக் கோடு தெரியாது. உலகம் முழுக்க இருக்கும் பழைய வியாதி இது. அண்டை அலுவலகங்கள் கலந்து பேசிப் போட வேண்டும் என்று விதி சொல்கிறது. சில இடங்களில் பேசுகிறார்கள். ஐந்துக்கு இரண்டரை. நான் செய்வது, செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து நானே மீதிக் கோட்டை மனதில் வரைந்துகொள்வது.

புயல் வேறு கதை. அதற்கு உலகில் ஏழு ஆலோசனை மையங்கள். வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் புது டெல்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புயலின் இடம், வேகம், அடுத்த 24 மணி நேரப் பாதை வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல், இரண்டின்போதும் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். வானிலைச் சேவை நன்றாக இருந்தால் மூடுவதற்கு முன்பே விமானங்களை வேறு ஊருக்கு அனுப்பிவைக்கலாம், பைலட்டுகளின் பணிநேரத்தை மாற்றலாம், பயணிகளுக்கு முந்தைய நாளே செய்தி அனுப்பலாம். பாதைக் கணிப்பு இதற்கு இடம் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் கரையைக் கடக்கும் நேரம் இன்னும் இழுக்கிறது. ஃபெஞ்சல் கரையருகே வந்து தயங்கித் தயங்கி, இரவில் புதுச்சேரி பக்கம் கடந்தது; நிலையம் திறக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு இரவுத் திட்டம் குப்பைக்குப் போகும். நாலு மதிப்பெண்.

எரிமலைச் சாம்பலுக்கு முழு ஐந்து, ஏனென்றால் இந்தப் பிரிவு பட்டுத் தெரிந்து வளர்ந்தது. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று ஜாவா அருகே கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் நுழைந்து நாலு என்ஜினும் நின்றுபோயின. வானிலை ரேடார் காட்டுவது ஈரத்தை. சாம்பல் காய்ந்த தூள், திரையில் ஒன்றுமே தெரியவில்லை. சறுக்கி இறங்கி, சாம்பலுக்கு வெளியே வந்து என்ஜின்களை மீண்டும் பற்றவைத்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். அதற்குப் பின்னால் வந்ததுதான் ஒன்பது சாம்பல் ஆலோசனை மையங்கள்: லண்டன், துலூஸ், டார்வின், டோக்கியோ, வெலிங்டன், ஆங்கரேஜ், மான்ட்ரியல், வாஷிங்டன், புவனோஸ் ஐரிஸ். இந்தியாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் தூரத்து விஷயம் என்று பலர் நினைத்தார்கள். 2025 நவம்பர் 23ல் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி வெடித்தது. துலூஸ் மையம் சாம்பலின் பாதையையும் உயரத்தையும் வெளியிட்டது. செங்கடல், ஏமன், ஓமன் தாண்டி மறுநாள் இரவே அது வட இந்திய வான்வெளிக்கு வந்துவிட்டது. சாம்பல் எங்கே, எந்த உயரத்தில், அடுத்த ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரத்தில் எங்கே என்று தெளிவாக வந்ததால், எந்தப் பாதையை வளைப்பது, எதை ரத்து செய்வது என்று உட்கார்ந்து முடிவெடுக்க முடிந்தது. இந்தியாவில் சில விமானங்கள் ரத்தாயின, சில சுற்றிப் போயின, யாருக்கும் என்ஜின் நிற்கவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

கொந்தளிப்புக்கு மூன்று. 2024 மே 21ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்க்யூ 321, மியான்மரின் ஐராவதிப் பகுதிக்கு மேலே 37,000 அடியில் குலுங்கியதில் ஒரு பயணி இறந்தார். சிங்கப்பூர் விசாரணையாளர்களின் முதற்கட்ட அறிக்கைப்படி விமானம் 4.6 விநாடியில் 178 அடி இறங்கியது. கீழே வளர்ந்துகொண்டிருந்த மேகச் செயல்பாட்டுக்கு மேலே அது பறந்திருக்கக்கூடும் என்றார்கள். இரண்டு உலக மையங்களும் தரும் கொந்தளிப்பு முன்கணிப்பு வலையில் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 28 கிலோமீட்டர். ஒரு மேகத்தின் கொண்டை சில நிமிடங்களில் எழுந்து வருவதை அந்த வலையால் பிடிக்க முடியாது. இப்போது விமானங்களே தாங்கள் பட்ட குலுக்கலை அளந்து ஒன்றுக்கொன்று பகிரும் ஏற்பாட்டை விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா நடத்துகிறது. முன்னால் போனவன் பட்டது பின்னால் வருபவனுக்கு உடனே தெரியும். நல்ல விஷயம், ஆனால் முன்னால் யாராவது போயிருக்க வேண்டும், அவர்கள் நிறுவனமும் இதில் சேர்ந்திருக்க வேண்டும். பெல்ட்டை மாட்டிக்கொண்டே உட்காருங்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தோற்றத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஒன்று கொடுப்பேன். டெலிபிரிண்டர் காலத்துக் குறியீடு இன்னும் அப்படியே இருக்கிறது. எல்லாம் பெரிய எழுத்தில், இடைவெளி மட்டும் விட்டு. எங்களுக்குப் பழகிவிட்டது, புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரம் முழிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அமெரிக்க மையத்தின் ஏவியேஷன் வெதர் தளம் 2023ல் புதுப்பிக்கப்பட்ட பிறகு மெட்டாரையும் டாஃபையும் விரித்து எளிய ஆங்கிலத்தில் காட்டுகிறது, உலகத்தின் எந்த நிலையத்துக்கும், இலவசமாக. பொதுமக்களுக்கு விண்டி என்ற வானிலைத் தளம் போதும். நிலையத்தைத் தொட்டால் மெட்டார் வரும்.

பயணியாகப் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. நீங்கள் நிற்கும் ஊரைப் பார்க்காதீர்கள். என் மைத்துனன் விமான நிலையத்திலிருந்து போன் செய்வான்: "மாமா, இங்க வெயில் கொளுத்துது. வெதர்னு சொல்றாங்க. பொய்தானே?" அவன் போக வேண்டிய ஊரில் இடி, அல்லது அவனை ஏற்றிப்போக வேண்டிய விமானம் இன்னொரு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கும். இறங்கும் ஊரின் மெட்டாரைப் பாருங்கள், அதில் சிபி (CB) என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் டீ குடிக்கப் போகலாம்.

காசு யார் கொடுக்கிறார்கள் என்றால், நீங்கள்தான். வான்வெளியைக் கடக்க விமானங்கள் கட்டும் வழிச்செலுத்தல் கட்டணத்தில் வானிலைச் செலவையும் சேர்த்து வாங்கலாம் என்பது சர்வதேச நடைமுறை. அது டிக்கெட்டுக்குள் வந்துவிடுகிறது. கொடுக்கிற காசுக்கு மொத்தத்தில் நாலு நட்சத்திரம் தாராளமாகப் போடலாம். டாஃபுக்குக் கொடுத்த மூன்றை நாலாக்க நான் தயார். ஒவ்வொரு நிலையமும் மாதம் ஒருமுறை, எத்தனை டெம்போ இடி எழுதினோம், அதில் எத்தனை நாள் உண்மையிலேயே இடித்தது என்று ஒரு பக்கம் போட்டால் போதும். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு கேப்டனிடம் அரை டன்னாவது குறைத்துப் பேசுவேன்.